அரை மதிப்பெண்

காட்பாடி ரயிலடிக்குப் பின்னால், இரண்டாம் மாடி.
கரண்ட் போய் இருபது நிமிஷம்.
எட்டு ஜப்பானியப் பிள்ளைகள்
நாலாய் மடித்த கைக்குட்டையால்
வியர்வையை ஒற்றுகிறார்கள், துடைப்பதில்லை.
ஒற்றுவதற்கும் துடைப்பதற்கும் நடுவில்தான்
இன்றைய பாடம்.

‘கேன் யூ’ கொஞ்சம் முரடு. ‘குட் யூ’ என்று தொடங்குங்கள்.
‘ஐ வாஸ் ஒண்டரிங்’ என்பது
கதவைத் தட்டிவிட்டு ஓரடி பின்னால் போய் நிற்பது.
இன்று வேண்டியதை
நேற்றில் வைத்துக் கேட்டால் மரியாதை கூடும்.
ஏன் என்று எனக்கும் தெரியாது.

தமிழுக்கு ஒரு ‘ங்க’ போதும்.
‘யோவ், தள்ளுங்க’ என்பார் ஆட்டோக்காரர்
கிரீன் சர்க்கிளில், கோபத்தின் உச்சியில்.
கஸ்பாவில் எங்கள் வீட்டு உருதுவுக்கு ஒரு ‘ஆப்’.
இந்த மொழிக்குத்தான்
வால் முழுவதும் முகத்தில் முளைத்திருக்கிறது.

பயிற்சித்தாளில் தகேரு எழுதியிருந்தான்:
‘டீச்சர், யூ ஹேட் பெட்டர் டிரிங்க் வாட்டர்.’
நான் நோன்பிலிருந்தேன். உதடு வெடித்திருந்ததைப்
பார்த்திருக்கிறான் பிள்ளை.
சிவப்பு மையில் அடிக்கோடிட்டேன்:
இது அக்கறை மாதிரி கேட்காது, மிரட்டல் மாதிரி கேட்கும்.
அரை மதிப்பெண் போயிற்று.
எழுந்து நின்று மூன்று முறை சாரி சொன்னான்.
ஒரு முறை போதும் என்று
அதையும் திருத்த மனம் வரவில்லை.

எனக்கு ஜனவரியிலிருந்து சம்பளம் வரவில்லை.
அலுவலகத்துக்கு நான்கு கடிதம் போட்டிருந்தேன்.
‘ஐ வாஸ் ஒண்டரிங்’,
‘சிரமமில்லை என்றால்’, ‘தங்கள் வசதிப்படி’...
பாலாறு அகலத்துக்கு மரியாதை.
நிர்வாகி தயாநிதி நான்குக்கும் ஒரே பதில் போட்டார்:
‘நோட்டட் வித் தேங்க்ஸ்.’
அதில் இலக்கணப்பிழை ஒன்றும் இல்லை.

ஐந்தாவதை நோன்பு திறந்த கையோடு எழுதினேன்,
பேரீச்சங்கொட்டை இன்னும் கன்னத்தில்.
வணக்கம் வைக்கவில்லை, வானிலை பேசவில்லை.
யூ ஹேட் பெட்டர் என்று ஆரம்பித்து
தேதியைப் போட்டு முடித்தேன்.
அனுப்பியதும் கை நடுங்கிற்று. கஞ்சி ஆறிப்போயிற்று.

வெள்ளிக்கிழமை பணம் வந்தது.
இரண்டு மாதத்துக்கு மட்டும்.

பெருநாள் விடுமுறை முடிந்து
தகேருவின் தாளைத் திருப்பி வாங்கினேன்.
பிடித்த அரை மதிப்பெண்ணைப் போட்டு
ஓரத்தில் கையெழுத்தும் வைத்தேன்.
வகுப்பு கலைந்தபின் வந்தான்.
ஓரடி தள்ளி நின்று,
பிசகே இல்லாத ஆங்கிலத்தில்,
நேற்றில் வைத்துக் கேட்டான்,
காரணம் என்னவாக இருக்கக்கூடும் என்று.

‘சும்மாதாங்க’ என்றேன்.

அதை மெதுவாக இன்னொரு முறை சொல்ல முடியுமா என்றான்.
சொன்னேன்.
நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டான்.