சத்தம் போட ஓர் இடம்

மாகிமில் ஏறும்போதே சொல்லிவிட்டேன்,
இன்றைக்குச் சண்டை போடத்தான் வருகிறேன் என்று.
ஆசீர் ஜன்னலோரம் இடம் பிடித்துத் தந்தான்.

பதினொரு வருஷமாக
எங்கள் சண்டையெல்லாம் கிசுகிசுப்பில்.
பிளைவுட் தட்டிக்கு அந்தப் பக்கம் மாமியார்,
மேலே பரணில் கொழுந்தனும் அவன் பெண்டாட்டியும்.
வசவைக்கூடத் தலையணைக்குள் வைத்துத்தான் சொல்வோம்.
பாதிச் சண்டையில் யாராவது இருமுவார்கள்.

மலாடில் இறங்கி, மட் பஸ்ஸில் கடைசிவரை.
கம்புகளில் பொம்பில் காய்கிற கோலிவாடாவைத் தாண்டி
ஒரு கிழிந்த வேலி. நுழைந்தால்
பாதை என்று சொல்ல முடியாத ஒன்று
நேராகக் கீழே விழுகிறது.

கரும்பாறை. காலடியில் சறுக்கும் பொடிக்கல்.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன்.
ஓரிடத்தில் உட்கார்ந்தே இறங்கினேன், சுடிதார் கிழிந்தது.
அவன் கை நீட்டினான். பிடிக்கவில்லை.
பக்கத்துச் செடியைப் பிடித்தேன்,
அது முள்.

கீழே, நாலு பாய் விரிக்கிற அகலத்தில் மணல்.
பால் கவர்கள், ஒற்றை ஷூ,
யாரோ கரைத்த பிள்ளையாரின் துதிக்கை, கரையாமல்.
வேறு ஆள் இல்லை.
இந்த ஊரில் ஆளில்லாத இடத்தை
அன்றுதான் பார்க்கிறேன்.
பயமாகக்கூட இருந்தது.

"இப்பப் பேசு."

வாயைத் திறந்தேன். கிசுகிசுப்புதான் வந்தது.
"என்ன?" காதைக் குவித்தான். அலை.
திரும்பச் சொன்னேன்.
"கேக்கல கனி."

அப்புறம் எங்கிருந்தோ வந்தது:
"சர்வே காயிதத்துல
எம்பேர ஏம்ல எழுதல?"

புருஷனை 'ல' போட்டுக் கேட்டது
என் ஆயுசில் அதுதான் முதல் தடவை.
ஒரு கொக்கு எழும்பிப் போனது.
பாறை 'எழுதல, எழுதல' என்றது,
அவன் சார்பில் ஒப்புக்கொள்வதுபோல.

பத்துக்குப் பன்னிரண்டு அறை.
தம்பி பெண்டாட்டி பெயர்வரைக்கும்
ஒற்றெழுத்துப் பிசகாமல் எழுதத் தெரிந்தவன்.
கத்தினேன். என் சம்பளம், விடிகாலைக் குழாய்,
போன வருஷத்துக் காய்ச்சல், எது முன்னே வந்ததோ அது.
நாக்கெல்லாம் உப்பு.

அவன் ஏதோ பதில் சொன்னான்.
பழக்கதோஷம், வீட்டில் பேசுகிற அதே குரலில்.
உதடு அசைந்தது.
அலை எடுத்துக்கொண்டது.

திரும்பக் கேட்டிருக்கலாம்.
அதற்குள் தண்ணீர் துதிக்கையைத் தூக்கிக்கொண்டு வந்து
பாதையின் முதல் கல்லைத் தொட்டிருந்தது.
நான் முன்னால் ஏறினேன். செங்குத்தான இடத்தில்
என் குதிகாலுக்குக் கீழே ஓர் உள்ளங்கை வந்தது.
மிதித்து ஏறினேன்.
கொஞ்சம் பலமாகவே மிதித்தேன்.

ராத்திரி மாமியார், "தொண்டைக்கு என்னட்டீ?"
"ஐஸ் தண்ணி."
அவன் சிரிப்பை அடக்குவது
பாயில் அதிர்ந்தது.

அடுத்த ஞாயிறு மெகா பிளாக்,
ஸ்லோ வண்டி ஓடாது என்றான் இருட்டில்.
பஸ் மாறி மாறிப் போகலாம் என்றேன்,
பதில் பாக்கி இருக்கிறது.
மேலே யாரோ இருமினார்கள்.