பூப்படம் ஒன்று

எச்சில்தான் இதற்கு நல்லது என்றேன்.
வயிரவன் இரண்டு எட்டுத் தள்ளி நின்றார்.
குச்சியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் தொட்டு,
படத்து மேசையின் ஓரத்தில்
ஒரு காலணா அளவுக்கு உருட்டினேன்.
பஞ்சு தேநீர் நிறமானது.
ஊதுவத்தி, குத்துவிளக்கு, சுருட்டு,
எத்தனையோ கல்யாணத்து விறகடுப்பு,
எல்லாம் இந்தப் பூக்களின் மேல்தான்
மூச்சு விட்டிருக்கின்றன.

"பூவை எச்சில் பண்ணலாமாம்மா?"
"சாமிக்கு வைக்கிற பூ இல்லையேண்ணே."
அவர் பதில் சொல்லவில்லை.
மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

பள்ளத்தூரில் இந்த வீட்டுக்குப் பதினெட்டுப் புள்ளி.
பதினேழு பேர் கையெழுத்துப் போட்டாயிற்று.
கண்ணாடிகள் போய்விட்டன.
பட்டாலைச் சுவரில் அவை இருந்த இடம் மட்டும்
நீள்சதுரமாக வெளுத்து நிற்கிறது.
படத்தை வாங்குகிறவருக்கு ஒரே நிபந்தனை:
சுத்தமாக இருக்கவேண்டும்.

பிரெஞ்சுக்காரர் யாரோ எழுதியது.
பெயர் இருந்த மூலையைக் கரையான் ருசி பார்த்துவிட்டது,
எழுபத்தொன்று என்ற எண் மிச்சம்.
பாரிஸில் எலிக்கறி விலைக்கு விற்ற குளிர்காலம் முடிந்து
இவர் சந்தைக்குப் போய்
ரோஜா வாங்கி வந்திருக்கிறார்.

மேசை. தம்ளர். முக்கால் தண்ணீர்.
தண்ணீர் மட்டத்தில் காம்பு
ஒடிந்தாற்போல விலகி நிற்பதைப்
பொய் சொல்லாமல் எழுதியிருக்கிறார்.
உதிர்ந்த இதழைக் கூட்டித் தள்ளவில்லை.
மாலை கட்டுகிறவர் கையில்
முதலில் கழிபடுகிற பூவைத்தான்
முன்னால் வைத்திருக்கிறார்.

ஒன்றுக்குத் தமிழில் பெயர் கிடையாது. பியோனி.
நானும் மோந்து பார்த்ததில்லை.
வயிரவன் அதை முட்டைக்கோசு என்றார்.
தப்பில்லை.

பதினோரு மணிக்கு மஞ்சள் ரோஜா வெள்ளையானது.
மோரில் தெளிந்து மேலே நிற்கிற நீர் மாதிரி
லேசாக நீலம் ஓடிய வெள்ளை.
வயிரவன் தன்னையறியாமல் கிட்டே வந்திருந்தார்.

அப்புறம்தான் அந்தப் பொட்டு.
அடியிலுள்ள சின்ன ரோஜாவின் நடுவில்,
இவ்வளவு நேரம் நான் சாயம் என்று நினைத்தது,
பஞ்சில் சிவப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது.
குங்குமம்.
பூதக்கண்ணாடியை வைத்தேன்.
குங்குமம், புகை, குங்குமம், புகை,
என்னால் எண்ண முடிந்தது இருபத்துமூன்று அடுக்கு.
வருஷத்துக்கு ஒன்று என்றால்
யாரோ இருபத்துமூன்று வருஷம்
இங்கே முக்காலி போட்டு ஏறியிருக்கிறார்கள்,
மோதிர விரலைத் தூக்கிப் பிடித்தபடி.

"போட்டோ இல்லாமப் போனவுகளுக்கு
எப்படிப் படைப்பீங்கண்ணே?"
"சேலை வைப்பாக. பேழையில."
"பொட்டு?"
"செத்தவுக படத்துக்குத்தானே பொட்டு..."
பாதியில் நிறுத்திவிட்டார்.

மர அலமாரியில் சைகோன் பேரேடு ஒன்று
விலைபோகாமல் கிடந்தது. புரட்டினார்.
பூப்படம் ஒன்று, பியாஸ்தர் நாற்பது,
கப்பல் கூலி தனி.
யாருக்கு என்று இல்லை.
அடுத்த வரி அரிசி.

நாலு மணிக்கு வாங்குகிறவர் போன் செய்தார்.
முடிந்ததா?
முடிந்தது சார். ஒரு சின்னப் பொட்டு மட்டும் வராது,
துணிவரைக்கும் இறங்கிவிட்டது.
இருபது வருஷத் தொழிலில்
ஒரு படத்தைப் பற்றி நான் சொன்ன முதல் பொய்.
உங்கள் கூலியில் பிடிப்பேன் என்றார்.
பிடியுங்கள்.

வயிரவன் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து
கைக்கெட்டும் தூரத்தில் வைத்தார்.
"வாயைக் கொப்பளிங்கம்மா,
எத்தன வருசத்து அழுக்கோ."