பதினான்கு இங்கே

வால்டிவியாவில் ஜூலை முழுக்க மழை.
நீரியல் துறையில் உட்கார்ந்துகொண்டு
மழையைத் திட்டினால் நன்றாயிருக்காது.
ஒழுகும் ஜன்னலுக்கும் பிரிண்டருக்கும் நடுவில் என் மேசை.
துறையின் இணையப் பக்கங்கள் என் பொறுப்பு:
நானூற்றுப் பன்னிரண்டு.
அவற்றில் அறுபதை
என்னைத் தவிர யாரும் திறந்ததில்லை.

துறைத் தலைவர் சான்வேசாவுக்கு
முகப்பில் கட்டடம் வேண்டும்,
மேகமே இல்லாத வானத்தின் கீழ்.
அப்படி ஒரு நாள் எப்போதோ வந்திருக்கிறது, படம் இருக்கிறது.
"கம்பீரமாக இருக்கட்டும்" என்றார்.
கம்பீரம் திரையில் இறங்க எட்டு நொடி.
கோரலிலிருந்து வரும் படகில்
ஒற்றைக் கோடு சிக்னலோடு தடவிக்கொண்டிருப்பவளுக்கு
நாற்பது.

கட்டடத்தை யாரும் தேடுவதில்லை.
அறை 214 எங்கே,
ஆய்வகச் சாவி யாரிடம்,
சாப்பாட்டு உதவித்தொகை எந்தத் தேதி.
பின்னிரவு இரண்டுக்கும் நான்குக்கும் இடையில்
ஒரே சொல், விதவிதமான எழுத்துப்பிழைகளோடு:
விலகல்.
அந்தப் படிவம் ஆறு சொடுக்குகளுக்கு அடியில் கிடந்தது.
புதைக்கச் சொன்னார்கள்.
புதைத்தது நான்தான்.

எலியேசர் ஒயார்சூன் இரண்டாம் ஆண்டு மாணவன்.
பார்வை கிடையாது.
ஒரு நாள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து
"உங்கள் பக்கத்தை எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா?" என்றான்.
ஒரு காதுக்குரிய குமிழை என்னிடம் தந்தான்.
திரைவாசிப்பான் மூச்சுவிடாமல் ஒப்பித்தது:
படம். படம் இறுதி. படம் இறுதி புதியது.
இணைப்பு, இங்கே.
இணைப்பு, இங்கே.
இணைப்பு, இங்கே.
பதினான்கு முறை.
"எல்லாமே இங்கேதான் இருக்கிறது," என்றான்,
"இந்த இங்கே எங்கே இருக்கிறது?"

அவன் சிரித்தான்.
எனக்குக் காது சுட்டது.
பதினோரு வருடமாக நான் எழுதிய சொல் அது,
விரலை நீட்டிக் காட்டிவிட்டு
விரலைப் பார்க்க முடியாதவரை மறந்துபோன சொல்.

ஒரு வாரம் ஆயிற்று.
ஒவ்வொரு இங்கேயையும் எடுத்துவிட்டுப் பெயர் வைத்தேன்:
சாவிப் பதிவேடு. தேர்வு அட்டவணை. வெள்ளப் பதிவுகள், மாதவாரியாக.
கட்டடப் படத்துக்கு என்ன எழுதுவது?
கம்பீரம் என்று எழுதிப் பார்த்து அழித்தேன்.
மூன்று மாடி. வலப்பக்கம் சாய்தளம்.
கதவை உள்ளே தள்ள வேண்டும்.
அதைக் கேட்ட எலியேசர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"தள்ளணுமா? இத்தனை நாளாக
யாராவது திறக்கட்டும் என்று நின்றேனே."

அதே வேகத்தில் விலகலையும் தோண்டி மேலே வைத்தேன்.
சான்வேசா கொதித்தார்:
"கடை வாசலிலேயே 'போய்விடு' என்று பலகை மாட்டுவதா?"
வாசல் என்றால் இரண்டு பக்கமும் திறக்கும் என்று
சொல்ல நினைத்தேன்; சொன்னது,
"அதிகம் தேடப்படுவது அதுதான், ஐயா."
கடைசியில் ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு:
படிவத்துக்கு மேலே ஒரு வரி, ஒரு தொலைபேசி எண்.
எடுத்துப் பேச ஆள் கிடைக்கவில்லை.
எண் என் மேசைக்கு வந்தது.

ஆகஸ்டில், ஒரு செவ்வாய்க்கிழமை, மணி அடித்தது.
பின்னால் கடற்சிங்கங்களின் குரைப்பு;
மீன் சந்தையிலிருந்து பேசுகிறாள், கத்தியை வைக்கும் சத்தம்.
ஆறுதலுக்கு என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன்.
அவள் கேட்டது:
"காரணம் என்கிற கட்டம் சிவப்பாகவே இருக்கிறது.
எழுதியே ஆகணுமா?"

கொஞ்சம் இருங்கள் என்றேன்.
அந்தச் சிறு நட்சத்திரக் குறியை எடுத்தேன்.
யாரைக் கேட்டு எடுத்தாய் என்று
இன்றுவரை யாரும் கேட்கவில்லை.
"இப்போது புதுப்பித்துப் பாருங்கள்."
"போய்விட்டது," என்றாள்.
பிறகு இருவருமே வைக்கவில்லை, சற்று நேரம்.
ஒரு கடற்சிங்கம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

அனுப்பினாளா என்று பார்க்கலாம்,
பதிவேடு ஒரே சொடுக்குத் தூரம்.
எழுந்துபோய் ஜன்னலடி வாளியைக் காலி செய்துவிட்டு வந்தேன்.
உடைந்த இணைப்புகள், இன்று காலை:
ஒன்பது.