செயப்பாட்டு வினை

முப்பத்தொரு பேருக்குப் பன்னிரண்டு பலகைகள்.
அவற்றுக்கு மின்சாரம் ஊட்டுவது என் பொறுப்பு.
ஹர்மட்டான் காற்று மணல் கொட்டும் நாளில்
கூரையேறிச் சூரியத் தகட்டைத் துடைப்பேன்,
கணக்குப் பாடம் போய்விடும்.

பக்கத்தில் எலிகெம்.
எங்களைவிட நான்கு வயது கூட.
விடியுமுன் வலை இழுத்த விரல்
தொட்டால் திரைக்குத் தெரிவதில்லை:
ஈரம், தழும்பு, ஒட்டிய செதில்.
கால்சட்டையில் தேய்த்துவிட்டு மறுபடி தொடுவான்.

பாடம் ஏழு: வோல்டாவில் அணை.
கொடிகள், கான்கிரீட், விளக்கெரிந்த முதல் இரவு.
படத்தை இரு விரலால் விரித்தால்
பொறியாளர் சட்டையின் பொத்தான்வரை தெரிகிறது.
எங்கள் பங்குக்கு ஒரே வரி:
எண்பதாயிரம் பேர் இடம்பெயர்க்கப்பட்டனர்.

அந்தக் கடைசிச் சொல்லில் அவன் தரைதட்டி நின்றான்.
புத்தகம் பெருமூச்சு விடவில்லை,
பிரம்பைத் தேடவில்லை.
ஐந்து நிமிடம் பொறுத்துத் தூங்கிப்போனது, அவ்வளவுதான்.
எழுப்பினான். சொல்லை அழுத்தினான்.
இடம். பெயர்க்க. பட்டனர்.
நடுத்துண்டு அவனுக்குத் தெரியும்:
சேற்றில் மாட்டிய நங்கூரத்தைப் பெயர்ப்பது.

"யார் பெயர்த்தது?"

செய்தவர் பெயர் இல்லாமலும்
செயப்பாட்டு வினை நிற்கும் என்றார் மிஸ் டோவ்லோ.
சொல்லிவிட்டு,
சாக்கட்டியும் கையுமாய்
அவரும் நின்றார், வெகுநேரம்.

தேடும் பெட்டியில் எலிகெம் தன் பழைய ஊரை எழுதினான்,
நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்தெழுத்தாக.
முடிவுகள்: 0.
தன்மேல்தான் பிழை என்று
ஓரெழுத்தை மாற்றிப் பார்த்தான். 0.
இன்னோர் எழுத்தை மாற்றினான்.

ஏரி இறங்கும் மாதங்களில்
மொட்டை மரங்களின் நுனி மேலே வரும்.
எது சந்தையடி இலவம், எது கோயில் மணி தொங்கிய மா,
படகின் வயிறு கிழியாமல் ஓட்டுகிறவனுக்குத் தெரியும்.
பாடத்தில் அவை இல்லை.

மாலையில் பலகைகளை அடுக்கும்போது பார்த்தேன்,
ஓரத்தில் ஒரு மஞ்சள் குறிப்பு:
இங்கெ படக மெதுவா ஓட்டவும்.
கீளே சந்தை.

மற்ற பதினொன்றிலும் சேர்க்கவா, என்று கேட்டது திரை.
கீழே என்று திருத்த விரல் போனது.
திருத்தவில்லை. ஆம் என்பதைத் தொட்டேன்.
மின்கலம் ஒன்பது விழுக்காடு,
கூரைமேல் இன்னும் கொஞ்சம் வெயில்.