மூன்றாவது பெடல்

நாகலூர் எஸ்டேட்டில், மிளகுச் சாக்குகளுக்கு அடியில்
பதினேழு மழைக்காலம் படுத்துக் கிடந்தது ஸ்பிட்ஃபயர்.
பெனடிக்ட் எதையும் மறைக்கவில்லை:
"ரெண்டு சீட்டு, கூரை கிடையாது, எலி இருக்கு."
லாரியில் ஏற்றி, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி
ஜாகீர் அம்மாபாளையத்து வீட்டுப் போர்டிகோவில்
செங்கல் அடுக்கி நிறுத்தினோம்.
எதிர்வீட்டு ரிட்டயர்டு டி.டி.ஆர். குணாளன்
பால் பாக்கெட்டோடு நின்று கேட்டார்:
"இது ஓடுமாம்மா?"

மூன்று வருஷம், தினமும் கேட்டார்.

உருக்காலையில் எனக்குத் தகடு அளக்கும் வேலை.
மூன்றாம் தசமம் வரை சந்தேகப்படச் சம்பளம்.
இங்கே, துருவில் விரல் வைத்தால்
விரல் மறுபக்கம் வந்து நின்றது.
அடிச்சட்டம் ஹெரால்டின் உறவு என்பதால்
பாதிச் சாமான் புதுப்பேட்டையில் கிடைத்தது;
மீதி, கிடைக்காத காரணத்தால்
செவ்வாய்ப்பேட்டையில் மஜீதின் லேத்தில் பிறந்தது.
டைனமோ போய் ஆல்டர்னேட்டர்.
ரேடியேட்டருக்கு மாருதியின் விசிறி.
இரட்டைக் கார்புரேட்டரை மட்டும் மாற்ற மனசில்லை.
இரண்டும் ஒரே மூச்சுக்கு வர
ரப்பர் குழாயைக் காதில் வைத்து
ஒரு ஞாயிறு முழுக்கத் திருகினேன்.
வாங்கி வைத்த தட்டுவடை செட்
பெட்ரோல் வாசத்தோடு நமத்துப் போனது.

கிளட்ச்தான் பாக்கி.
அது இடது காலுக்கு உரியது.
என் இடது கால், இரண்டு வயதில் ஒரு காய்ச்சலோடு
வேலையை ராஜினாமா செய்துவிட்டது.
நிறுத்தினால் நிற்கும்.
மிதிக்காது.

கியர் தண்டின் கழுத்தில் ஒரு கைப்பிடி,
அதற்கொரு பைக் பிரேக்கின் சிலிண்டர்.
பிடித்தால் கிளட்ச், பிடித்தபடியே கியர்.
"சிக்னல்ல கை கடுக்குமேக்கா," என்றார் மஜீது.

"காலிப்பர் ஒன்னு இருக்கு, தரட்டுமா?"
அவர் பிரேக்கைப் பார்த்தார், பிறகு
அளவெடுக்கும் காலிப்பரைப் பார்த்தார்.
நான் பரணிலிருந்து இறக்கியது மூன்றாவது வகை:
பாலிடெக்னிக் காலத்தது, தோல் வெடித்தது,
முட்டியில் ஓர் இரும்பு வளையம்.
கால் நிமிர்ந்தால் சறுக்கி விழுந்து பூட்டும்,
உட்கார விரலால் தூக்க வேண்டும்.
ஐந்து ரோட்டு டவுன் பஸ்களில்
எத்தனை பேர் பார்க்கத் தூக்கியிருப்பேன்.
மஜீது பூட்டினார், திறந்தார், மறுபடி பூட்டினார்.
"செஞ்சவன் வேலைக்காரன்தான்," என்று
வைஸில் வைத்து இறுக்கினார்.

கோவையிலிருந்து பழைய கார் பிரியர் ஒருவர் வந்தார்.
பானெட்டைத் தடவினார், உள்ளே குனிந்தார்,
இழவு வீட்டில் பேசுகிற குரலில்
"ஒரிஜினல் போச்சேங்க," என்றார்.
எது ஒரிஜினல் என்று கேட்க வந்தது.
டீ ஊற்றினேன்.
"அந்தப் பெடலாவது இருக்குங்களா?"
இருக்கிறது. ஜன்னலோரம்,
கரண்ட் பில் பறக்காமல்.

ஆர்.டி.ஓ. ஆபீசில்
'மாற்றுத்திறனாளிக்காக மாற்றியமைக்கப்பட்டது' என்று எழுதிய இன்ஸ்பெக்டர்
நிறம் என்ற கட்டத்துக்கு வந்ததும் நிமிர்ந்தார்.
"சிவப்பேவா?"
"சிவப்பேதான் சார்."

அடிவாரம் தாண்டி, பக்கத்து சீட்டில் மஜீது
தண்ணீர்க் கேனை மடியில் கட்டிக்கொண்டார்.
பன்னிரண்டு வளைவு வரை எல்லாம் கணக்கு:
பிடி, இரண்டு, விடு.
பதின்மூன்றில், இறங்கிய பஸ்
சாலை முழுவதையும் தனக்கென எடுத்துக்கொண்டது.
நின்றோம்.
வளையத்தைத் தள்ளினேன், பூட்டிக்கொண்டது.
பின்னால் ஒரு சிமெண்ட் லாரி,
கண்ணாடியில் அதன் எலுமிச்சம்பழம் வரை தெரிகிறது.
முன்னால் வானம்.

ஹேண்ட் பிரேக்குக்கு ஒரு கை, கிளட்ச்சுக்கு ஒரு கை,
ஸ்டீயரிங்குக்கு ஒன்று. எண்ணிப் பார்த்தேன், மூன்று.
காலும் ஒன்றுதான்.
அதைக் குறுக்கே திருப்பினேன்:
பாதி பிரேக்கில், பாதி ஆக்சிலேட்டரில்.
பந்தயக்காரர்கள் வருஷக்கணக்கில் பழகுவார்களாம்.
எனக்கு வேறு கால் இல்லை.
விரலால் வளையத்தைத் தூக்கினேன்,
எழுந்து நடக்க அல்ல.
கைப்பிடி மெல்ல இளகியது, பானெட் ஒருமுறை குலுங்கியது,
கார் பின்னால் ஒரு விரக்கடை கூடப் போகவில்லை.

பதினான்கு, பதினைந்து, பதினாறு.
அந்தப் பலகைகள் எப்போது கடந்தன என்று
மஜீதைத்தான் கேட்க வேண்டும்.
அவர் கண்ணை மூடியிருந்தார்.