குறுக்குக் கோடு

மூன்று பேராக இருந்தேன், எனக்கே தெரியாமல்.
டிரோம்சோவில் சூரியன் எட்டிப் பார்க்காத டிசம்பர்.
நூலகத்தின் இரண்டாம் மாடியில்
குன்வோர் திரையைத் திருப்பிக் காட்டினாள்:
“இதுவும் நீங்கள்தானே?”

என் பெயரின் முதல் எழுத்து ஒரு வட்டம்,
குறுக்கே ஒரு கோடு.
லிஸ்பனில் அந்தக் கோடு உதிர்ந்துவிட்டது.
ஒசாகாவில் கூடுதலாய் ஓர் எழுத்து.
காட் மீனின் காதுக்கல்லில் வயதெண்ணிய
என் பதினேழு வருஷமும்
முன்பின் அறியாத மூவரிடம் பங்காகிக் கிடந்தது.
நிதிக்குழு அதில் ஒருவனை மட்டும் பார்த்து
உதட்டைப் பிதுக்கியிருக்கிறது.

இரண்டு வாரம்.
காப்பி ஆறியது, கடிதங்கள் போயின.
சந்தாச் சுவருக்குள் சிக்கிய கட்டுரைகளின் கைப்பிரதிகளை
என் பழைய கணினியில் தோண்டச் சொன்னாள்;
உரிமை விதிகளை அவளே வாசித்து
யாரும் எடுக்கும்படி திறந்து வைத்தாள்.

மார்ச்சில் நூக்கிலிருந்து ஒரு மீனவர் எழுதினார்:
ஆறாம் பக்கப் படத்தில்
ஒரு வளையத்தை விட்டுவிட்டேனாம்.
எண்ணிப் பார்த்தேன். விட்டிருந்தேன்.

திருத்தம் அனுப்பினேன், கீழே நன்றியும்.
அச்சானபின்தான் கண்ணில் பட்டது,
அவள் பெயரில் ஓர் எழுத்தைத் தின்றிருக்கிறேன்.

போய்ச் சொன்னேன்.
“இருக்கட்டும்” என்றாள்,
“அவளும் ஏதாவது செய்திருப்பாள்.”