எண்பது ஹெர்ட்ஸுக்குக் கீழே

குந்தர்ஸ் காரிலிருந்து இறக்கினான்
கறுப்புப் பெட்டி ஒன்று, உருளைக்கிழங்கு மூட்டை கனம்.
கூடவே கைக்குள் அடங்கும் இரண்டு குட்டி ஸ்பீக்கர்கள்.
"இதுங்க பாடும், அது உறுமும்" என்றான்.
விலை கேட்டதும் அண்ணனுக்கு லிஃப்ட் வந்துவிட்டது.

ரீகாவில் நவம்பர்.
நாலு மணிக்கே இருட்டு.
ஊரார் வரிக்கணக்கை நாளெல்லாம் பார்க்கிறேன்.
என் கணினியின் சொந்தக் குரலோ
தகர டப்பாவுக்குள் மாட்டிய கொசு.

குட்டிகளுக்கு இடம் சுலபம்.
திரைக்கு இருபுறமும்,
காது உயரம் வரும்வரை அடியில் புத்தகம்:
இடதுக்கு ஸ்வீடிஷ் அகராதி,
வலதுக்கு இரண்டு சமையல் புத்தகம்,
ஆட்டம் நிற்க மடித்த மின்கட்டண ரசீது.
பச்சை முனை பச்சைத் துளைக்குள்.
இடம் வலம் மாறிப் போயிருந்தது;
வயலின்காரர்களை எழுப்பி
எதிர்ப்பக்கம் உட்காரவைத்தேன்.

பெரியதுதான் எங்கேயும் ஒத்துவரவில்லை.
ஜன்னலடியில் வைத்தால் அண்டாவுக்குள் இடி.
மேசையடியில் வைத்தால்
என் முழங்காலுக்கு மட்டும் கேட்டது.
தொலைபேசியில் குந்தர்ஸ்:
"அதைத் தூக்கி உன் நாற்காலியில் வை.
நீ தரையில் தவழ்ந்து போ.
எங்கே உனக்கு நன்றாகக் கேட்கிறதோ
அங்கேதான் அது இருக்கணும்."

ஆயிற்று. நாற்காலியில் அது, முதலாளி மாதிரி.
நாற்பத்தாறு வயதில் நான் நாலு காலில்.

அறைக்குள் இத்தனை மேடு பள்ளம் இருந்திருக்கிறது.
அலமாரியருகே ஒலி வற்றிக் கிடந்தது.
ஓரடி நகர்ந்தால் கணுக்கால் அளவு.
கதவு மூலையில் ஆளை முழுங்கும் மடு.
சோபாவுக்கடியில்
மீன் பொறித்த ஒரு லாட்ஸ் நாணயம்,
செல்லாமல் போய் எத்தனையோ வருடம்.
வெந்நீர்க் குழாய் பக்கம் தலை சாய்த்தபோது
பாஸ் கிட்டார் ஒவ்வொரு விரலாக நடந்து வந்தது.

அங்கேயே நிறுத்தினேன்.
ஃபேஸ் சுவிட்சை அப்படித் தள்ளி, இப்படித் தள்ளி,
வித்தியாசம் தெரிந்ததாக நம்பினேன்.
எல்லைக் குமிழ் எண்பதில்.
மேலே குட்டிகளின் ராஜ்யம், கீழே இதனுடையது.

ஒரே ஒரு சுரத்தில் மட்டும்
எங்கிருந்தோ
ஜிர்ர்ர்.

திருகுகளை முடுக்கினேன்.
படச் சட்டத்துக்குப் பின்னால் பஞ்சு,
ஜன்னல் கொக்கிக்குக் காகிதம்.
கரண்டிகளை எல்லாம் துணியில் சுற்றிப் படுக்கவைத்தேன்.
மூன்று நாள்.
ஜிர்ர்ர்.

நாலாம் நாள் மாலை கதவு தட்டியது.
கீழ்வீட்டு விஸ்மா, டிராம் ஓட்டுகிறவள்.
மேலே சீருடை, காலில் கம்பளிச் செருப்பு.
ஆறு வருடமாகப் படிக்கட்டில் நாங்கள் பேசியதெல்லாம்
"பார்த்துப் போங்கள், வழுக்குகிறது."
மன்னிப்பை நாக்கு நுனியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அவள் ஒரு கண்ணாடித் தம்ளரை நீட்டினாள்.
"இதுதான். ஆறில் இது ஒன்றுதான் ஆடுகிறது.
மற்ற ஐந்தும் சொன்ன பேச்சு கேட்கும்."

உள்ளே வந்து பெட்டியின் தலையில் கைவைத்துப் பார்த்தாள்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
அந்தச் சுரத்தைப் போடச் சொன்னாள்.
போட்டேன். சுத்தமாக வந்தது.
"பழைய வண்டி கிளம்பும்போது
காலடியில் இப்படித்தான் இருக்கும்" என்றாள்.
பிறகு, வாசலில்:
"மூன்றரைக்கு எழுந்திருக்கிறேன்.
எட்டு மணிக்கு மேல் வேண்டாம்."

தம்ளர் என்னிடமே தங்கிவிட்டது.
பென்சில் போட்டு வைத்திருக்கிறேன்.
எட்டடித்ததும் பெரியதை அணைத்துவிட்டு
குட்டிகளோடு மட்டும் வேலை பார்க்கிறேன்;
இடுப்புக்குக் கீழே ஆளில்லாத பாட்டு.

சில நாள் கணக்கு முடிய விடிந்துவிடும்.
மூன்றரைக்குத் தரைக்கு அடியில்
மெத்தென்று ஒரு குதிகால், பிறகு இன்னொன்று,
குளிர்பெட்டிக் கதவு.
எதுவும் எண்பதைத் தாண்டாது.